விழுங்க வைத்த வெட்டும் திரும்பி வந்த அமிலமும்: அக்கலேசியா அறுவை மருத்துவத்தின் ஒரு நூற்றாண்டு

மருத்துவ வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகக் கற்பிப்பதே நம் வழக்கம். இன்னார் இன்ன ஆண்டில் இதைச் செய்தார், அடுத்தவர் அதை மேம்படுத்தினார் என்று அந்த வரிசை நீளும். ஆயின் ஒரே உண்மை ஒருமுறை அறியப்பட்டு, புதிய கருவி வந்ததும் மறக்கப்பட்டு, மீண்டும் நோயாளிகளின் துன்பத்தின் வழியாகக் கற்கப்பட்ட வரலாறுகளும் உண்டு. அக்கலேசியா என்னும் உணவுக்குழாய் நோய்க்கான அறுவை மருத்துவம் அதற்கு நல்ல சான்று. அடைபட்ட வாயிலைத் திறந்தால் இரைப்பையின் அமிலம் அதே வாயில் வழியே மேலேறும் என்ற பாடத்தை இத்துறை நூறாண்டுகளில் குறைந்தது நான்கு முறை கற்றிருக்கிறது. ஏன் நான்கு முறை என்பதே இப்பதிவின் கேள்வி. சற்று நீண்ட பதிவு. மருத்துவம் பயிலும் மாணவர்களும் அறிவியல் வரலாறு பயில்வோரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் ஒரு சுருக்குத்தசை உள்ளது. இயல்பாக அது மூடியிருக்கும். விழுங்கும்போது மட்டும் தளர்ந்து வழிவிட்டு, உடனே மூடிக்கொள்ளும். தளரச் சொல்லும் நரம்பணுக்கள் குழாயின் தசைச்சுவருக்குள்ளேயே இருக்கின்றன. அக்கலேசியாவில் இந்த நரம்பணுக்கள் அழிந்துபோகின்றன. அதனால் இரண்டு கோளாறுகள் நேர்கின்றன: சுருக்குத்தசை தளர்வதில்லை, உணவைக் கீழே தள்ளும் அலையியக்கமும் நின்றுவிடுகிறது. உண்டது குழாயிலேயே தேங்குகிறது. குழாய் பை போல விரிகிறது. உணவு எதுக்களித்து வருகிறது, உடல் மெலிகிறது, இரவில் படுத்திருக்கும்போது தேங்கியது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலையும் தாக்குகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் அரிய நோய் இது. முதியோருக்கு மட்டுமன்றி இளைஞர்களுக்கும் வரும் என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். சிகிச்சைக்குப் பின் அவர்கள் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழவேண்டியவர்கள்.

அழிந்த நரம்பணுக்களை மீட்கும் வழி இன்றுவரை இல்லை. ஆகவே எல்லாச் சிகிச்சைகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: திறக்க மறுக்கும் சுருக்குத்தசையை ஏதோ ஒரு வகையில் செயலிழக்கச் செய்வது. ஆயின் அதே தசைதான் இரைப்பையின் அமிலம் மேலேறாமல் காக்கும் காவலும் ஆகும். அதை வெட்டினால் உணவு இறங்கும். அமிலம் ஏறவும் வழி கிடைக்கும். இயல்பான மனிதருக்கு அமிலம் ஏறினால் உணவுக்குழாயின் அலையியக்கம் உடனே அதைக் கீழே தள்ளிவிடும். அக்கலேசியா நோயாளிக்கு அந்த இயக்கமே இல்லாததால் ஏறிய அமிலம் அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். சிக்கலின் வேர் இதுவே. பின்வரும் நூற்றாண்டு வரலாறு முழுவதும் இந்த இருமுனைக் கட்டுக்குள்தான் நடக்கிறது.

தொடக்கக் காலத்தில் கத்தி இல்லை. 1674இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் தாம் மருத்துவம் செய்த ஒருவரைப் பற்றி எழுதினார். உண்டதெல்லாம் எதுக்களித்த அம்மனிதருக்குத் திமிங்கில எலும்பாலான கோலின் முனையில் கடற்பஞ்சைக் கட்டி, அதைக்கொண்டு உணவைத் தாமே இரைப்பைக்குள் தள்ளிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். அவர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவ்வாறே உண்டு வாழ்ந்தார். சுருக்குத்தசை சேதமுறாமல் உணவை இறக்கிய முறை இது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் விரிப்புக் கோல்கள் பலவகையாக வளர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிக்குலிச் என்ற அறுவை மருத்துவர் இந்நோயை ‘கார்டியோஸ்பாசம்’, அதாவது வாயில்தசையின் இழுப்பு என்று விளக்கினார். முதல் உலகப் போர்க்காலத்தில் லண்டனின் ஆர்தர் ஹர்ஸ்ட் அவ்விளக்கத்தை மறுத்தார். தசை இழுத்துப் பிடிப்பதன்று, தளராமல் இருப்பதே கோளாறு என்பது அவர் வாதம். தளர்வின்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான ‘அக்கலேசியா’ என்ற பெயரை நிலைபெறச் செய்தவர் அவரே. பெயர் மாற்றம் சிறிய செய்தியன்று. நோய் எது என்ற புரிதலே மாறியது.

இனி கத்தியின் காலம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் அறுவைக் கூடங்களில் இரு வழிகள் போட்டியிட்டன. முதல் வழி வாயிலையே அகலமாக்குவது. 1910இல் வென்டல், சுருக்குத்தசைப் பகுதியை நீளவாக்கில் முழுத் தடிப்பும் வெட்டிக் குறுக்குவாக்கில் தைத்தார். 1913இல் ஹெய்ரோவ்ஸ்கி, வாயிலை விட்டுவிட்டு, உணவுக்குழாயையும் இரைப்பையையும் பக்கவாட்டில் திறந்து ஒன்றோடொன்று இணைத்தார். இரண்டும் தாராளமான வழியைத் தந்தன. நோயாளி மறுவாரமே வயிறார உண்டார்.

இரண்டாவது வழியைச் செய்து காட்டியவர் லைப்சிக் நகரின் எர்ன்ஸ்ட் ஹெல்லர். 1913 ஏப்ரல் 14 அன்று அவர் செய்த அறுவையில் தசை மட்டுமே வெட்டப்பட்டது. உள்ளே உள்ள சளிச்சவ்வு தொடப்படவில்லை. குழாயின் முன்புறம் ஒரு வெட்டு, பின்புறம் ஒரு வெட்டு. இவ்வாறு செய்யலாம் என்று கோட்ஸ்டைன் 1901இலேயே கருத்துரைத்திருந்தார். ஆயினும் செயலாக்கியவர் ஹெல்லர். குழந்தைகளின் இரைப்பை வெளிவாயில் அடைப்புக்கு ராம்ஸ்டெட் சற்று முன்புதான் இதே கொள்கையைக் கையாண்டிருந்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது. பின்னர் நெதர்லாந்தில் 1918இல் குரூனவெல்ட்டும் 1923இல் ஸாயரும் முன்புற வெட்டு ஒன்றே போதும் என்று காட்டினர். இன்று ‘ஹெல்லர் அறுவை’ என்று நாம் அழைப்பது உண்மையில் இந்த டச்சுத் திருத்தமே.

இன்று திரும்பிப் பார்க்கையில் ஹெல்லரின் வழியே வென்றிருக்கவேண்டும் என்று தோன்றும். அவ்வாறு உடனே நிகழவில்லை. வாயிலை அகலமாக்கும் அறுவைகளும் இணைப்பு அறுவைகளும் மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தன. காரணம் எளிது: உடனடிப் பயன் கண்ணுக்குத் தெரிந்தது. பெரிய வழி, எளிதான விழுங்கல், விரைவான எடையேற்றம். தீங்கோ ஆண்டுகள் கழித்தே வந்தது.

அந்தத் தீங்கை எழுத்தில் வைத்தவர்கள் லண்டனின் நார்மன் பாரெட்டும் பிராங்க்ளினும். 1949இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் வெளிவந்த அவர்களின் கட்டுரை, கார்டியோஸ்பாசத்துக்குச் செய்யப்பட்ட சில அறுவைகளின் பிற்காலத் தீய விளைவுகளைப் பற்றியது. அமிலம் தடையின்றி மேலேறியதால் உணவுக்குழாயில் அழற்சி, புண், குருதிப்போக்கு, இறுதியில் வடுவால் மீண்டும் அடைப்பு. விழுங்குவதற்காக அறுவை செய்துகொண்டவர் அந்த அறுவையாலேயே மீண்டும் விழுங்க இயலாதவரானார். இம்முறைகளைக் கைவிட்டு ஹெல்லரின் தசைவெட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதே கட்டுரையின் சாரம். இதுவே முதல் பாடம். தம் பெயரால் இன்று அறியப்படும் உணவுக்குழாய் மாற்றத்தைப் பற்றி அதே பாரெட் 1950இல் எழுதினார் என்பதையும் இத்துடன் சேர்த்துப் படிக்கவேண்டும். அமிலம் உணவுக்குழாய்க்கு என்ன செய்யும் என்ற கேள்வி அக்காலத்தில்தான் அறுவை மருத்துவத்தின் மையத்துக்கு வந்தது.

ஹெல்லரின் வெட்டு மென்மையானது. எனினும் அதுவும் காவலை அகற்றுவதுதான். 1950களில் அது பரவலானபோது, அமில எதிர்வழிவு குறைந்த அளவில் ஆனாலும் தொடர்ந்து தென்பட்டது. அக்காலத்தில்தான் வேறொரு திசையிலிருந்து தீர்வு வந்தது. ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத அறுவை மருத்துவர் ரூடால்ஃப் நிஸ்ஸன், 1930களில் இஸ்தான்புல்லில் பணியாற்றினார். அங்கு ஒருவருக்கு உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியை அகற்றியபின், தையலைப் பாதுகாப்பதற்காக அதைச் சுற்றி இரைப்பைச் சுவரை மடித்து மூடினார். பல்லாண்டுகள் கழித்தும் அந்நோயாளிக்கு அமிலத் தொல்லை இல்லை என்பதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததே, பின்னர் பாசல் நகரில் 1955இல் அவர் செய்த இரைப்பை மடிப்பு அறுவை. இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி முழு வட்டமாகப் போர்த்தித் தைப்பது அது. ஆயின் அது அக்கலேசியாவுக்கானதன்று. அலையியக்கம் இயல்பாக உள்ள, அமிலத் தொல்லையால் வருந்துவோருக்கானது.

இதை அக்கலேசியாவுக்கு ஏற்றவாறு மாற்றியவர் பிரான்சின் ஜாக் டோர். 1962இல் அவரும் உடன்பணியாற்றியோரும் முன்வைத்த முறையில் இரைப்பை முழு வட்டமாகச் சுற்றப்படுவதில்லை. வெட்டப்பட்ட தசையின் இரு விளிம்புகளோடு இரைப்பையின் முன்சுவர் தைக்கப்படுகிறது. சுற்றளவில் பாதியே போர்த்தப்படுகிறது. மூன்று பயன்கள் ஒரே தையலில் கிடைத்தன: வெளிப்பட்டிருக்கும் சளிச்சவ்வுக்கு மூடாக்கு, வெட்டிய விளிம்புகள் மீண்டும் ஒட்டாமல் இருக்கப் பிடிமானம், அமிலத்துக்கு மிதமான தடுப்பு. அடுத்த ஆண்டு ஆந்த்ரே தூப்பே பின்புறமாகச் சுற்றும் பகுதி மடிப்பை வெளியிட்டார். முழு மடிப்பு ஏன் கூடாது என்பது எளிதில் விளங்கும். தள்ளும் விசையற்ற குழாயின் முடிவில் இறுக்கமான வளையம் வைத்தால் அது புதிய அக்கலேசியாவாகவே அமையும். இது இரண்டாவது பாடம்: தடுப்பு தேவை, ஆயின் அரைத்தடுப்பே தேவை.

இப்பாடத்தை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் ஹென்றி எல்லிஸ், மார்பு வழியே சென்று, இரைப்பைப் பக்கம் மிகச் சிறிதளவே நீளும் குறுகிய தசைவெட்டைச் செய்தால் மடிப்பே வேண்டாம் என்று பல பத்தாண்டுகள் வாதிட்டார். இங்கிலாந்தின் ரொனால்ட் பெல்ஸி வழிவந்தோர் மடிப்பு வேண்டும் என்றனர். எல்லிஸின் வாதம் வலுவற்றதன்று. அவரது கையில் அது பயன் தந்தது. ஆயின் வெட்டு சற்றுக் குறைந்தால் அடைப்பு எஞ்சும், சற்று நீண்டால் அமிலம் ஏறும் என்ற நுண்ணளவை ஒவ்வொரு மருத்துவரின் கையும் ஒரேபோல் காக்க இயலுமா என்பதே கேள்வி.

1990களில் கருவி மாறியது. 1991இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் குஷியெரியின் குழுவினர் வயிற்றில் சிறுதுளைகளிட்டு லேப்ரோஸ்கோபி வழியே இத்தசைவெட்டைச் செய்தனர். 1992இல் சான் பிரான்சிஸ்கோவின் கார்லோஸ் பெல்லெக்ரினி குழுவினர் மார்பில் துளையிட்டு, எல்லிஸின் குறுகிய வெட்டைத் தோராகோஸ்கோபி வழியே மடிப்பின்றிச் செய்து 17 பேரின் அனுபவத்தை வெளியிட்டனர். பெரிய வெட்டுக்காயம் இல்லை, மருத்துவமனையில் தங்கும் நாள் குறைவு, விழுங்கல் சிறப்பு. அனைவரும் மகிழ்ந்தனர். பின்னர் அமில அளவீட்டுச் சோதனை செய்தபோது, மார்பு வழி வெட்டுண்டு சோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இயல்புக்கு மீறிய எதிர்வழிவு காணப்பட்டது. அவர்களுள் பலருக்கு நெஞ்செரிச்சலே இல்லை. அக்குழுவினர் தம் முடிவுகளைத் தாமே சோதித்து, வயிற்று வழிக்கும் டோர் மடிப்புக்கும் மாறினர். இது பாராட்டத்தக்க நேர்மை. மூன்றாவது பாடம் இவ்வாறு வந்தது.

இதன்பின் வாதத்தின் இடத்தைச் சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகள் பிடித்தன. 2004இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில் 43 நோயாளிகள். ஹெல்லர் வெட்டு மட்டும் பெற்ற 21 பேரில் 10 பேருக்கும், டோர் மடிப்பும் சேர்த்துப் பெற்ற 22 பேரில் 2 பேருக்கும் எதிர்வழிவு. விழுங்கலில் வேறுபாடு இல்லை. 2008இல் இத்தாலியக் குழு 144 பேரிடம் டோரின் அரைமடிப்பையும் நிஸ்ஸனின் முழுமடிப்பையும் ஒப்பிட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அமிலத் தடுப்பில் பெரிய வேறுபாடில்லை; ஆயின் விழுங்கற் சிரமம் முழுமடிப்பில் 15 விழுக்காடு, அரைமடிப்பில் 2.8 விழுக்காடு. 1962இன் உள்ளுணர்வுக்கு எண்களால் ஆன சான்று அரை நூற்றாண்டுக்குப் பின் கிடைத்தது. டோரா தூப்பேயா என்ற கேள்வி மட்டும் இன்றும் தீரவில்லை. ஒப்பிட்ட ஆய்வுகளில் தெளிவான வெற்றியாளர் இல்லை.

சிக்கல் தீர்ந்தது என்று தோன்றிய அதே ஆண்டில், 2008 செப்டம்பரில், ஜப்பானின் யோகோஹாமாவில் ஹருஹிரோ இனோவே வாய் வழியே எண்டோஸ்கோபியைச் செலுத்தி, சளிச்சவ்வில் சிறு வாசலிட்டு, அதற்கும் தசைக்கும் இடையே சுரங்கம் அமைத்து, உள்ளிருந்தே தசையை வெட்டினார். ஆங்கில முதலெழுத்துகளால் ‘போயம்’ என்று வழங்கும் முறை இது. இதன் முன்னோடி விலங்காய்வை 2007இல் வெளியிட்ட குழுவின் தலைவர், தில்லி எய்ம்ஸில் மருத்துவம் பயின்ற பங்கஜ் பஸ்ரிச்சா. உணவுக்குழாய்ச் சுருக்குத்தசையில் பொட்டுலினம் நச்சை ஊசியாகச் செலுத்தும் சிகிச்சையை 1990களில் அறிமுகப்படுத்தியவரும் அவரே. உடலின் மேல் வடுவே இல்லாத இம்முறை சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் ஐதராபாத்தின் ஏஷியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜி நூற்றுக்கணக்கான நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டு, இத்துறையின் முதன்மை மையங்களுள் ஒன்றாயிற்று.

ஆயின் உள்ளிருந்து வெட்டும்போது வெளியே இருக்கும் இரைப்பையை மடித்துத் தைக்க வழியில்லை. 1962க்கு முந்தைய நிலைக்கே, மிக நுட்பமான கருவியுடன், நாம் திரும்பியிருந்தோம். 2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஐரோப்பியப் பன்மைய ஆய்வு 221 பேரைப் பற்றியது. இரண்டாண்டு வெற்றி போயத்தில் 83 விழுக்காடு, டோர் மடிப்புடன் கூடிய ஹெல்லரில் 81.7 விழுக்காடு; ஏறத்தாழ சமம். மூன்றாம் மாதத்தில் எண்டோஸ்கோபியில் கண்ட அமில அழற்சியோ 57க்கு 20. இரண்டாம் ஆண்டின் இறுதியில் 44க்கு 29. அதே ஆண்டில் காற்றுப்பை விரிப்போடு போயத்தை ஒப்பிட்ட வேறோர் ஆய்விலும், போயம் விழுங்கலில் தெளிவாக வென்றது. அமில அழற்சியில் 41க்கு 7 என்று பின்தங்கியது. இது நான்காவது பாடம்.

போயத்தின் ஆதரவாளர்களுக்கு உரிய நியாயத்தையும் வழங்கவேண்டும். கண்ட அழற்சிகளில் பெரும்பாலானவை இலேசானவை. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகள் பாரெட்டின் காலத்தில் இல்லை, இன்று உண்டு. அக்கலேசியாவில் அமில அளவீடே சிக்கலானது. தேங்கிய உணவு புளித்து உண்டாகும் அமிலத்தைக் கருவி எதிர்வழிவு என்று பதிவுசெய்துவிடக்கூடும். துறையினரும் வாளாவிருக்கவில்லை. ஐதராபாத் குழு உணவுக்குழாய்ப் பகுதியில் வெட்டின் நீளத்தைக் குறைத்தால் பயன் குன்றுமா என்று சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு நடத்தி, குறுகிய வெட்டும் போதுமானதே என்று காட்டியது. இனோவே, போயத்தோடு வயிற்றறைக்குள் நுழைந்து மடிப்பையும் சேர்த்துச் செய்யும் முறையை 2019இல் வெளியிட்டார். டோர் 1962இல் வந்தடைந்த இடத்துக்கு எண்டோஸ்கோபியும் வந்து சேர முயல்கிறது.

இனி முதற்கேள்விக்கு வருவோம். அறிந்த ஒன்று ஏன் மீண்டும் மீண்டும் மறக்கப்பட்டது? மருத்துவர்களின் அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. அது சரியன்று என்பது என் கருத்து. மூன்று காரணங்களைக் காண்கிறேன்.

முதலாவது, காலம். அடைப்பு நீங்குவது அன்றே தெரியும். அமிலத்தின் சேதம் ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் வேறொரு மருத்துவரின் அறையில் தெரியும். அறுவை செய்தவர் நல்ல முடிவை மட்டுமே காண்கிறார்.

இரண்டாவது, அமைதி. இந்நோயாளிகளுள் பலர் அமிலம் ஏறுவதை உணர்வதில்லை. ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு விழுங்க முடிவதே பெருவரம். சிறு எரிச்சலை அவர் முறையிடப்போவதில்லை. கேட்டால் மட்டும் போதாது, சோதித்தும் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, அளவுகோல். இன்று அக்கலேசியா ஆய்வுகளில் வெற்றியை அளக்கப் பயன்படுவது எக்கார்ட் மதிப்பெண். விழுங்கற் சிரமம், எதுக்களிப்பு, மார்புவலி, எடையிழப்பு ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 3 அல்லது அதற்குக் குறைவானால் வெற்றி. நோயை அளக்க இது நல்ல கருவி. ஆயின் சிகிச்சை உண்டாக்கும் தீங்கை அளக்கும் ஒரு வினாவும் இதில் இல்லை. நெஞ்செரிச்சலுக்கு இடமில்லை, உணவுக்குழாய்ப் புண்ணுக்கும் இடமில்லை. மேலே கண்ட 83 என்ற எண்ணும் 57 என்ற எண்ணும் ஒரே நோயாளிகளைப் பற்றியவை. முதல் எண் ‘வெற்றி’ என்ற பெயரில் கட்டுரையின் முதன்மை முடிவாகிறது. இரண்டாவது அடுத்த வரிசைக்குச் செல்கிறது.

நம் நாட்டுச் சூழலில் இது ஏட்டுக் கேள்வியன்று. இருபத்தைந்து வயதில் சிகிச்சை பெறும் ஒருவர், தொலைதூர ஊரிலிருந்து பெருநகர மருத்துவமனைக்கு வந்து, விழுங்க முடிந்த மகிழ்ச்சியில் ஊர் திரும்புகிறார். மீண்டும் எண்டோஸ்கோபிக்கு வரவேண்டும் என்பதையும், எரிச்சல் இல்லாவிட்டாலும் வரவேண்டும் என்பதையும் அவர் நம்பும்படி விளக்குவது சிகிச்சையின் ஒரு பகுதி. வாழ்நாள் முழுவதும் மாத்திரை உட்கொள்ள நேரிடலாம் என்பதும், மடிப்புடன் கூடிய அறுவை என்ற மாற்றுவழி உள்ளது என்பதும் முடிவெடுக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். எந்த முறை எவருக்குப் பொருந்தும் என்பதை அவரும் அவருடைய மருத்துவருமே தீர்மானிக்க இயலும். இப்பதிவு அதற்கு மாற்றன்று.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதேனும் ஒரு புதிய சிகிச்சையின் வெற்றி விழுக்காட்டைப் படிக்கும்போது, அந்த வெற்றியை எந்த அளவுகோல் அளந்தது, எத்தனை ஆண்டுகளுக்குப் பின் அளந்தது, சிகிச்சையின் தீங்கு அதே அட்டவணையில் இடம்பெற்றதா என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். அறுவைத் துறைகளில் பணியாற்றுவோர், தம் மருத்துவமனைகளின் பத்து, இருபது ஆண்டுப் பழைய அக்கலேசியா நோயாளிப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்து, அவர்களுள் இயன்றவரை மீண்டும் அழைத்துச் சோதித்தால், 1949இல் பாரெட்டும் பிராங்க்ளினும் செய்ததற்கு நிகரான பணி அது. அத்தகைய பதிவேடுகளைப் பற்றி அறிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதினால் உரையாடலைத் தொடர விழைகிறேன்.